தங்கமலை முதல் இன்று வரை: அமெரிக்க - சீன மக்களின் உறவு கடந்து வந்த பாதை

அமெரிக்கா, சீனா என்ற இரு பெயர்களும் சேர்ந்து வரும் செய்திகளில் பெரும்பாலும் வரி, கணினிச் சில்லு, தைவான் ஆகியவையே பேசப்படுகின்றன. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா 145 சதவீதம் வரை வரி விதித்ததும், பதிலுக்குச் சீனா 125 சதவீதம் விதித்ததும், அடுத்த மாதமே ஜெனீவாவில் அமர்ந்து இரண்டு பேரும் இறங்கி வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அரசுகளின் இந்த இழுபறியை நாளிதழ்களே போதுமான அளவு எழுதிவிடுகின்றன. ஆனால் இவ்விரு நாட்டு மக்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள், எப்படி நடத்தினார்கள் என்பது தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டிய அந்தக் கதையின் முக்கியமான பக்கங்களை இங்கே பார்ப்போம். அவற்றில் ஒன்று, ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு இது ஏற்கனவே எங்கோ கேட்ட கதை போலத் தோன்றும்.

தேயிலையும் ஜின்செங்கும்

அமெரிக்கா சுதந்திர நாடாகப் பிறப்பதற்கு முன்பே சீனா அங்கே நுழைந்துவிட்டது, தேயிலை வடிவில். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேய வரியை எதிர்த்துக் கடலில் கொட்டப்பட்டது சீனத் தேயிலைதான். விடுதலைப் போர் முடிந்ததும் இனி ஆங்கிலேயரின் தயவில்லாமல் தேயிலையை நேரடியாக வாங்கலாம் என்று அமெரிக்க வணிகர்கள் முடிவு செய்தார்கள். 1784 பிப்ரவரி 22 அன்று 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்த முக்கியச் சரக்கு சுமார் 30 டன் ஜின்செங் வேர். அமெரிக்கக் காடுகளில் தானாக வளரும் இந்த வேருக்குச் சீன மருத்துவத்தில் பெரும் மதிப்பு உண்டு. ஆறு மாதம் கழித்து அக்கப்பல் கேன்டன் என்று அப்போது அழைக்கப்பட்ட குவாங்ஜோ நகரின் துறையை அடைந்தது.

நட்சத்திரமும் கோடுகளும் கொண்ட கொடியைப் பார்த்த சீனர்கள் அந்தப் புதியவர்களுக்குப் 'பூக்கொடிக்காரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்னும் அழியவில்லை. அமெரிக்க ஜின்செங்குக்குச் சீன மொழியில் இன்றும் 'பூக்கொடி ஜின்செங்' என்றுதான் பெயர். சிட்டி பேங்க்கும் அங்கே 'பூக்கொடி வங்கி'தான்.

அன்றைய சீன அரசு வெளிநாட்டவரை நகரத்துக்குள் விடவில்லை. ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட பண்டகசாலைகளில்தான் அவர்கள் தங்கவேண்டும். அவர்களுக்குச் சீன மொழி கற்றுக்கொடுப்பதும் குற்றம். இத்தனை வேலிகளுக்கு நடுவிலும் தனிமனித நம்பிக்கை வளர்ந்தது. ஹௌக்வா என்று மேற்கத்தியர் அழைத்த கேன்டனின் பெரும் வணிகர், பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மர்ரி ஃபோர்ப்ஸ் என்ற இளைஞரை மகனைப் போல நடத்தினார். பிற்காலத்தில் ஹௌக்வாவின் பணம் ஃபோர்ப்ஸ் மூலம் அமெரிக்க ரயில் பாதைகளில் முதலீடானது. இன்று சீனாவின் பணம் அமெரிக்காவுக்குள் வருவதைப் புதிய ஆபத்தாகப் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இதே வணிகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அபின் என்றதும் ஆங்கிலேயரைத்தான் நாம் நினைப்போம். அமெரிக்க வணிகர்களும் துருக்கியின் ஸ்மிர்னா துறைமுகத்திலிருந்து அபின் ஏற்றிச் சென்று சீனாவில் விற்றார்கள். அந்த வணிகத்தில் செல்வம் சேர்த்தவர்களில் வாரன் டெலானோ என்பவர் ஒருவர். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட்டின் தாய்வழிப் பாட்டனார் அவர். முதல் அபின் போரில் சீனா தோற்றதும் அமெரிக்காவும் தன் பங்கைக் கேட்டு வந்தது. 1844-ல் மக்காவ் அருகே வாங்ஷியாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, சீன மண்ணில் ஓர் அமெரிக்கர் குற்றம் செய்தால் அவரை விசாரிக்கும் உரிமை சீன நீதிமன்றத்துக்கு இல்லாமல் போனது.

தங்கமலை

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தை எட்டியது. பஞ்சமும் கலகமும் வாட்டிய அந்தக் கிராமங்களிலிருந்து ஆண்கள் கடன் வாங்கிக் கப்பல் ஏறினார்கள். போகும் ஊருக்குத் 'தங்கமலை' என்று பெயர். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சீன மொழியில் இன்றும் 'பழைய தங்கமலை' என்றே எழுதுகிறார்கள். 1852-ல் மட்டும் சுமார் 20,000 சீனர்கள் அங்கே இறங்கினர். வீட்டில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இருப்பார்கள். மாதாமாதம் பணம் வரும். ஆள் வருவது பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். சபர் வாழ்க்கையை அறிந்த குடும்பங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு நல்லதாக இல்லை. சுரங்கத்தில் வேலை செய்யும் அயல்நாட்டினருக்கு மாத வரி போட்டார்கள். நடைமுறையில் அதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் சீனர்களே. 1854-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில், வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. கொலையை நேரில் பார்த்தவர்கள் சீனர்கள். அவர்களின் வாயை அடைத்ததும் குற்றவாளி தப்பினான். சாட்சியம் செல்லாத ஒரு மனிதனைக் கொள்ளையடிப்பதற்கும் அடிப்பதற்கும் யாருக்கும் பயமிருக்காது அல்லவா? அதுதான் நடந்தது.

ஆனால் உழைப்பு தேவைப்பட்டபோது அதே சீனர்களைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை சென்ட்ரல் பசிஃபிக் நிறுவனம் அமைத்தது. சியரா நெவாடா மலையைக் குடைய வெள்ளையத் தொழிலாளர்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. 1865 முதல் சீனர்களை எடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனத்தின் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள் ஆயினர். கருங்கல் பாறையில் ஒரு நாளைக்கு ஓர் அடி முன்னேறினாலே பெரிது. பனிச்சரிவில் புதையுண்டவர்களின் உடல்கள் சில இடங்களில் அடுத்த வசந்தத்தில்தான் கிடைத்தன. வெள்ளையருக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, சீனர்களோ சாப்பாட்டுச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர்கள் சம்பள உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனத்தின் பங்குதாரர் சார்லஸ் குரோக்கர் ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. மலைக்குப் போகும் உணவுப் பொருட்களை நிறுத்தினார். ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது.

1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு பாதைகளும் இணைந்தன. அந்த நாளின் புகழ்பெற்ற புகைப்படத்தில் ஒரு சீன முகத்தைக்கூட அடையாளம் காண முடியவில்லை. அந்நிறுவனத்தின் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் செல்வத்தில் எழுந்ததுதான் இன்றைய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் அந்தச் சீனத் தொழிலாளர்களின் வரலாற்றைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கானோர் உழைத்த அந்தப் பாதையைப் பற்றித் தொழிலாளர் ஒருவர் கைப்பட எழுதிய ஒரு கடிதமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கதவு மூடியது

ரயில் பாதை முடிவதற்கு முந்தைய ஆண்டில்தான் நல்ல ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகியிருந்தது. சீனாவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஆன்சன் பர்லிங்கேம் பதவி விலகி, சீன அரசின் தூதராகவே அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தார். 1868-ல் அவர் முடித்த ஒப்பந்தம் இரு நாட்டு மக்களும் தடையின்றிப் போய்வரலாம் என்றது. அதன் நிழலில் ஓர் அழகான முயற்சியும் நடந்தது. 1854-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற யுங் விங், அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் சீனர். அவருடைய வற்புறுத்தலால் 1872 முதல் 120 சீனச் சிறுவர்கள் கனெக்டிகட் மாநிலத்துக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்தன. சடையோடும் நீள அங்கியோடும் வந்த பையன்கள் பேஸ்பால் ஆடினார்கள். 1881-ல் சீன அரசு அவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பிள்ளைகள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். சீனர்களுக்கு எதிராக அமெரிக்காவில் எழுந்த வெறுப்பு மற்றொன்று. அந்தச் சிறுவர்களில் ஒருவரான ஜான் தியன்யோ பின்னாளில் பெய்ஜிங் - ஜாங்ஜியாகோ ரயில் பாதையை அமைத்தார். வெளிநாட்டுப் பொறியாளர்கள் இல்லாமல் சீனர்களே போட்ட பாதை அது.

1870-களில் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. பழி சீனர்கள் மீது விழுந்தது. குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள், நம்மோடு கலக்கமாட்டார்கள், அவர்களின் மார்க்கமும் பழக்கவழக்கமும் வேறு, அவர்கள் இங்கே பெருகிவிடுவார்கள் என்பவை அன்றைய மேடைகளில் ஒலித்த குற்றச்சாட்டுகள். 1871-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே இரவில் பதினெட்டுக்கும் குறையாத சீனர்களைக் கும்பல் கொன்றது. 1885-ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்கத்தில் 28 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில், 1882 மே 6 அன்று, சீனர் விலக்குச் சட்டம் கையெழுத்தானது. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது, இருப்பவர்கள் குடியுரிமை பெறக்கூடாது. ஒரு நாட்டு மக்களைப் பெயர் சொல்லித் தடுத்த அமெரிக்காவின் முதல் பெரிய சட்டம் இதுவே. பத்தாண்டுகளுக்கு என்று வந்தது, நீட்டிக்கப்பட்டு நிரந்தரமானது. 1892-ல் வந்த திருத்தம் ஒவ்வொரு சீனத் தொழிலாளரும் அடையாளச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும், இல்லையெனில் நாடு கடத்தப்படுவார் என்றது. 1890-ல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த சீனர்களின் எண்ணிக்கை 1920-ல் சுமார் 61,000 ஆகச் சுருங்கியது.

இந்த இடத்தில் ஒரு வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சாய் சான் பிங் என்ற தொழிலாளர் 1875 முதல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். 1887-ல் ஊருக்குப் போனபோது, திரும்பி வருவதற்கான சான்றிதழை அமெரிக்க அரசிடமே முறையாக வாங்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும் கப்பல் நடுக்கடலில் இருந்தபோது, 1888 அக்டோபர் 1 அன்று, அந்தச் சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாது என்று புதிய சட்டம் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தை அடைந்தவரை இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டவரில் யாரை உள்ளே விடுவது என்பது அரசின் முழு அதிகாரம், அதில் நீதிமன்றம் தலையிடாது என்று 1889-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு பழைய காகிதமாகிவிடவில்லை. 2017-ல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பல நாடுகளின் குடிமக்களுக்கு டிரம்ப் அரசு பயணத் தடை விதித்தபோது, விசா வைத்திருந்தவர்களே விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். 2018 ஜூனில் அத்தடையின் இறுதி வடிவத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. குடியேற்ற விவகாரத்தில் அரசின் முடிவுகளை நீதிமன்றம் மேலோட்டமாகவே பார்க்கும் என்ற கோட்பாட்டின் வேர் சாய் சான் பிங் வழக்கில் இருக்கிறது. அதேபோல் 2002-ல் தொடங்கி, 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் நேரில் வந்து கைரேகை கொடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்ற திட்டம் வந்தது. அவற்றில் வடகொரியா தவிர மற்றவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். 1892-ன் சான்றிதழ் முறையோடு இதை ஒப்பிட்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் ஆசிய அமெரிக்க அமைப்புகள் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

நீதிமன்றத்தில் நின்றவர்கள்

அந்தக் காலத்துச் சீனர்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அவர்கள் ஆயிரக்கணக்கான வழக்குகள் போட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடங்களில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று நகர நிர்வாகம் விதி போட்டு, விண்ணப்பித்த சீனர்கள் எல்லோருக்கும் மறுத்தது. வெள்ளையருக்கு மட்டும் தாராளமாகக் கொடுத்தது. 'யிக் வோ' என்ற சலவைக்கடையின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். சட்டத்தின் எழுத்து பொதுவாக இருந்தாலும் அதை அமல்படுத்துவதில் பாகுபாடு காட்டினால் அது செல்லாது, இந்தப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமின்றி அந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உண்டு என்று 1886-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மையினரின் உரிமை வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

வோங் கிம் ஆர்க் வழக்கு அதைவிடப் பெரியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் அவர். 1895-ல் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது நீ அமெரிக்கர் இல்லை என்று தடுத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்ததாலேயே அவர் குடிமகன் என்று 1898-ல் தீர்ப்பானது. 2025 ஜனவரியில் டிரம்ப், பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டதும், அதை எதிர்த்து வழக்காடியவர்கள் முதலில் எடுத்து வைத்தது இந்தச் சமையல்காரரின் வழக்கைத்தான். தீர்ப்பு கிடைத்தும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் டெக்சாஸின் எல் பாசோவில் சட்டவிரோதமாக வந்தவர் என்று அவரைக் கைது செய்தார்கள். அவருடைய மூத்த மகன் சீனாவிலிருந்து வந்தபோது, இவன் உன் மகன்தான் என்று நம்ப முடியாது எனச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படி நம்பாததற்கும் ஒரு பின்னணி உண்டு. 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கமும் தீயும் பிறப்புப் பதிவேடுகளையும் எரித்துவிட்டன. நான் இங்கே பிறந்தவன், சீனாவில் எனக்கு இத்தனை மகன்கள் என்று பலர் பதிவு செய்தார்கள். இல்லாத மகன்களின் பெயரில் வேறு இளைஞர்கள் வந்தார்கள். 'காகித மகன்கள்' என்று அவர்களை அழைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன? தந்தையும் மகனும் தனித்தனியாகச் சொல்லும் பதில்கள் பொருந்தவேண்டும். உண்மையான மகன்களும் இதில் தோற்றார்கள். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டவர்கள் மரச்சுவரில் கவிதைகளைச் செதுக்கினார்கள். 1970-ல் அந்தக் கட்டடத்தை இடிக்கவிருந்த நேரத்தில் பூங்காக் காவலர் ஒருவர் கண்ணில் அவை பட்டன. இப்போது அது நினைவிடம்.

பொய்ப் பெயரில் வந்தவர்களின் குடும்பங்கள் அந்தப் பெயரிலேயே தலைமுறைகளாக வாழ்ந்தன. பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் உண்மையான குடும்பப்பெயர் தெரியாது.

நட்பும் போரும்

கதவு மூடியிருந்த அதே காலத்தில் அமெரிக்கர்கள் சீனாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவப் பிரச்சாரகர்கள். மதமாற்றத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி சிறிது, மருத்துவமனைகளும் கல்லூரிகளும் விட்டுச்சென்ற தடம் பெரிது. பாக்ஸர் கிளர்ச்சியை அடக்கிய பின் சீனாவிடம் அளவுக்கு மீறி வாங்கிய இழப்பீட்டில் ஒரு பகுதியை, 1908-ல் எடுத்த முடிவின்படி, சீன மாணவர்களின் படிப்புக்காக அமெரிக்கா திருப்பித் தந்தது. சிங்குவா பல்கலைக்கழகம் அந்தப் பணத்தில் 1911-ல் தொடங்கியதுதான். சீனாவின் இன்றைய அதிபர் ஷி ஜின்பிங் அங்கே படித்தவர்.

ஜப்பானுடன் போர் வந்ததும் சீனர் ஒரே நாளில் நண்பரானார். 1941 டிசம்பரில் லைஃப் இதழ், சீன முகத்தையும் ஜப்பானிய முகத்தையும் எப்படி வேறுபடுத்துவது என்று படம் போட்டு விளக்கியது. அமெரிக்கச் சீனர்கள் தெருவில் அடிவாங்காமல் இருக்க 'நான் சீனன்' என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டார்கள். 1942 ஏப்ரலில் டோக்கியோவில் குண்டு வீசிய 16 அமெரிக்க விமானங்களில் பெரும்பாலானவை எரிபொருள் தீர்ந்து சீனாவில் விழுந்தன. கிராமத்து மக்கள் விமானிகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். ஜப்பானியப் படை அந்தப் பகுதியைப் பழிவாங்கியதில் இறந்தோர் இரண்டரை லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த விலையைக் கொடுத்த கிராமங்களின் பெயர் அமெரிக்கர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1943 டிசம்பரில் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. கையெழுத்திட்டவர் ரூஸ்வெல்ட், அபின் வணிகர் டெலானோவின் பேரன். சீனர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆண்டுக்கு 105. எழுத்துப்பிழை இல்லை, நூற்றைந்து பேர்தான்.

ஏழே ஆண்டுகளில் இரு நாட்டு இளைஞர்களும் கொரியாவில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பன் மீண்டும் எதிரியானான். போர் முடிந்தபோது 21 அமெரிக்கக் கைதிகள் நாடு திரும்ப மறுத்துச் சீனாவுக்குப் போனார்கள். சுமார் 14,000 சீனக் கைதிகள் சீனாவுக்குத் திரும்பாமல் தைவானுக்குப் போனார்கள். இந்தக் காலத்தின் சந்தேகம் அமெரிக்காவுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதற்கு சியன் ஷுவேசென் கதை போதும். கலிஃபோர்னியாவில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். 1950-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து அனுமதிகளைப் பறித்தார்கள். ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்து, 1955-ல் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தின் தந்தை என்று இன்று கொண்டாடப்படுபவர் அவர்தான்.

ஒரு பேருந்தும் ஒரு பட்டுத்துணியும்

அடுத்த இருபது ஆண்டுகள் இரு மக்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. கடிதம், பயணம், வணிகம் எல்லாம் நின்றன. 1971 ஏப்ரலில் ஜப்பானின் நகோயாவில் உலக டேபிள் டென்னிஸ் போட்டி நடந்தது. அமெரிக்க வீரர் கிளென் கோவன் தன் வாகனத்தைத் தவறவிட்டுச் சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். யாரும் அவரிடம் பேசவில்லை. அமெரிக்கருடன் பேசுவது அன்றைய சீனாவில் ஆபத்து. கடைசியில், மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஜுவாங் சதோங் எழுந்து வந்து கைகொடுத்து, மலைக்காட்சி பொறித்த பட்டுத்துணி ஒன்றைப் பரிசளித்தார். சில நாட்களில் அமெரிக்க அணிக்குச் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது.

ஜூலையில் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பெய்ஜிங் பறந்தார். ஏற்பாடு செய்து கொடுத்தவர் யஹ்யா கான். அதே மாதங்களில் கிழக்குப் பாகிஸ்தானில் அவருடைய ராணுவம் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. வாஷிங்டன் அவரைக் கண்டிக்காமல் இருந்ததற்கு இந்தத் தூதும் ஒரு காரணம். பெரிய நாடுகள் கைகுலுக்கும்போது நடுவில் நசுங்குபவர்களைப் பற்றிய பக்கம் வரலாற்று நூல்களில் சுருக்கமாகவே வரும்.

1972 பிப்ரவரியில் நிக்சன் சீனா சென்றார். இரண்டு பாண்டாக்கள் அமெரிக்கா வந்தன. 1979 ஜனவரி 1 முதல் தூதரக உறவு முழுமையடைந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே சுமார் 50 சீன ஆய்வாளர்கள் படிக்க வந்துவிட்டார்கள். அந்தச் சிறு ஓடை 2019-20 கல்வியாண்டில் 3,72,000 மாணவர்களாகப் பெருகியது. 1985-ல் அயோவா மாநிலத்தின் மஸ்கட்டைன் என்ற சிற்றூருக்கு வேளாண்மை பார்க்க வந்த சீன அதிகாரி ஒருவர் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில், கல்லூரிக்குப் போயிருந்த மகனின் அறையில் தங்கினார். அவர்தான் ஷி ஜின்பிங். 2012-ல் அதே ஊருக்குத் திரும்பி வந்து பழைய நண்பர்களைச் சந்தித்தார்.

இந்த நல்ல ஆண்டுகளிலும் முகத்தைப் பார்த்து வெறுப்பது நிற்கவில்லை. 1982-ல் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்க இளைஞரை, கார் தொழிற்சாலையோடு தொடர்புள்ள இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் அங்கே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கொன்றவர்களுக்குச் சிறைத்தண்டனை இல்லை, நன்னடத்தைக் காலமும் 3,000 டாலர் அபராதமும்தான்.

மீண்டும் சந்தேகம்

2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. அமெரிக்கக் கடைகளில் விலை இறங்கியது, அமெரிக்கத் தொழில் நகரங்களில் வேலை போனது. 1999-க்கும் 2011-க்கும் இடையே இருபது முதல் இருபத்து நான்கு லட்சம் வேலைகள் வரை சீன இறக்குமதியால் போயிருக்கலாம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணித்தார்கள். வேலை இழந்த வட கரோலினா தொழிலாளிக்கும் ஷென்ஜென் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் பெண்ணுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பகை இருக்க நியாயமில்லை. ஆதாயம் போனது வேறு இடத்துக்கு. கோபம் என்னவோ 'சீனா' என்ற பெயர் மீதே திரும்பியது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில் 2005-ல் அமெரிக்கர்களில் 35 சதவீதம் பேர் சீனாவைப் பற்றித் தவறான எண்ணம் கொண்டிருந்தார்கள். 2023-ல் அது 83 சதவீதம்.

2018-ல் அமெரிக்க நீதித்துறை 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் உளவு வேட்டையைத் தொடங்கியது. சீன வம்சாவளி விஞ்ஞானிகள் பலர் விசாரணைக்கு உள்ளானார்கள். நிரூபிக்க முடியாமல் கைவிடப்பட்ட வழக்குகள் பல. 2022-ல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. கொரோனா காலத்தில் அதிபரே அதைச் 'சீன வைரஸ்' என்று அழைக்க, வயதான ஆசியர்கள் தெருக்களில் தாக்கப்பட்டார்கள். சீனாவிலும் அமெரிக்கர்களைப் பற்றிய பேச்சு கடுமையாயிற்று. சீனாவில் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த நிலை மாறி, சில நூறு பேராகச் சுருங்கினர். அமெரிக்காவில் படிக்கும் சீனர்கள் 2023-24-ல் 2,77,000 ஆகக் குறைந்தார்கள். அவர்களை முந்தி முதலிடத்துக்கு வந்தவர்கள் இந்திய மாணவர்கள்.

உய்குர் முஸ்லிம்களைக் குறிப்பிடாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2021 டிசம்பரில் அமெரிக்கா உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஷின்ஜியாங்கில் நடக்கும் கொடுமையை எதிர்க்கும் எவரும் அதை வரவேற்பார்கள். ஆனால் அதே அமெரிக்கா 2002 முதல் 22 உய்குர்களைக் குவான்டனாமோ சிறையில் வைத்திருந்தது. அவர்களை விசாரிக்கச் சீன அதிகாரிகளை அங்கே அனுமதித்தது. அவர்களில் 17 பேரை அமெரிக்காவுக்குள்ளேயே விடுவிக்கும்படி 2008-ல் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். யாரை உள்ளே விடுவது என்பது அரசின் அதிகாரம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடைசி மூவர் 2013 டிசம்பரில் ஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அன்று பெய்ஜிங்கின் ஒத்துழைப்பு வாஷிங்டனுக்குத் தேவைப்பட்டது. இன்று பெய்ஜிங்கைக் கண்டிப்பது தேவைப்படுகிறது. இரண்டு அரசுகளின் கணக்கிலும் உய்குர் மக்கள் ஒரு பகடைக்காய்.

2025 மே மாதம் சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக ரத்து செய்வோம் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஆகஸ்டில் ஆறு லட்சம் சீன மாணவர்கள் வரலாம் என்று அதிபர் டிரம்ப் சொன்னார். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அறிவிப்பையும் கேட்ட பெற்றோரின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு ஜனவரியில் வேடிக்கையான ஒன்றும் நடந்தது. டிக்டாக் தடை செய்யப்படும் என்றதும் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள், சீனர்கள் புழங்கும் 'ஷியாவ்ஹோங்ஷூ' என்ற செயலிக்குள் நுழைந்தார்கள். உள்ளே வந்தவர்களிடம் சீனர்கள் 'நுழைவு வரி'யாகப் பூனைப் படம் கேட்டார்கள். பிறகு பேச்சு தொடர்ந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் உங்கள் ஊரில் உண்மையிலேயே காசு கேட்பார்களா? நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது நிஜமா? காய்கறி என்ன விலை? வீட்டு வாடகை எவ்வளவு? சீனப் பிள்ளைகள் ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்க, முகம் தெரியாத அமெரிக்கர்கள் செய்து கொடுத்தார்கள். டிக்டாக் சில மணி நேரத்திலேயே திரும்பி வந்தது. வந்தவர்களில் பலர் அங்கே போய்விட்டார்கள். சிலர் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள், சீன மொழி கற்றுக்கொண்டு.